மன்னார்ச் சமவெளியில் ஒரு சேனையின் சரித்திரம்

மதவாச்சிச் சந்தியில் யாழ்ப்பாணத்துப் பாதையை விட்டுப் பிரிந்து மேற்கு நோக்கித் திரும்பும் தலைமன்னார் ரயில், செட்டிகுளத்தையும் மடு ரோட்டையும் கடந்து முருங்கனை நெருங்கும்போது, அதுவரை இருபுறமும் நெருக்கி வந்த பாலையும் முதிரையும் பின்தங்கி, கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் நெல்வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து, அவற்றுக்கும் அப்பால் உப்புத் தரவையும் ஆழமற்ற கடலும் எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 1914-ஆம் ஆண்டு முதல் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பலிலும், பின்னர் இதே தண்டவாளத்தின் வழியே கொழும்புக்கும் பிரயாணிகள் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1964-இன் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. எஞ்சியதை யுத்தம் கொண்டுபோயிற்று. 1990-க்குப் பிறகு கால் நூற்றாண்டு காலம் இப்பாதையில் ரயில் ஓடவில்லை. வடக்கில் பல இடங்களில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் இரு தரப்பாருடைய பங்கர்களுக்கும் கூரையாகிவிட்டன. 2015 மார்ச்சில்தான் தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்டும் வண்டி வந்தது.

தமிழீழ விடுதலைப் புலிகள் என்ற சேனையின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, கிளிநொச்சியில் தங்கி, முள்ளிவாய்க்காலில் முடிப்பது வழக்கம். மன்னார் அந்த நூல்களில் ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும். ஆயினும் அச்சேனை எவ்வாறு பிறந்து, எவ்வாறு வளர்ந்து, எதனால் வீழ்ந்தது என்பதை ஒரே பிரதேசத்தில் நின்று காண வேண்டுமானால், மலையோ அடர்காடோ மறைப்பில்லாத இந்தச் சமவெளியைவிடத் தகுந்த இடம் வேறில்லை என்ற அபிப்பிராயம் எனக்கு வெகுநாளாக உண்டு. அதைச் சோதித்துப் பார்க்கும் நோக்கமே இந்தப் பிரயாணத்துக்குக் காரணம்.

பெருநிலத்தின் விளிம்பில் தள்ளாடி என்ற இடத்தில் இராணுவ முகாம் இருக்கிறது. அதைத் தாண்டியதும் கடலின் மேல் நேராகச் செல்லும் தாம்போதி. அதன் மறுமுனையில், 1560-இல் போர்த்துக்கீசர் கட்டி, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1795-இல் ஆங்கிலேயர் வசமான கோட்டை. இந்தக் குறுகிய நீர்வழியைக் காவல் செய்பவனுக்கே தீவு சொந்தம் என்பதை அம்மூவரும் அறிந்திருந்தார்கள். பின்வந்தவர்களும் அறிந்தே இருந்தார்கள். யுத்தம் நடந்த ஆண்டுகளின் பெரும்பகுதியில் தீவும் நகரமும் அரசின் கையிலும், தாம்போதிக்கு வடக்கேயும் கிழக்கேயும் விரிந்த பெருநிலம் இயக்கத்தின் கையிலும் இருந்தன. 2008 அக்டோபர் 28 இரவு, உலகத்தில் வேறெந்தக் கெரில்லா ஸ்தாபனத்துக்கும் வாய்க்காத விமானப்படை ஒன்றை வைத்திருந்த புலிகள், தங்கள் சிறு விமானத்தால் குண்டு வீசியதும் இந்தத் தள்ளாடி முகாமின் மேலேதான். அப்போது அவர்களுடைய தலைநகரமான கிளிநொச்சி வீழ்வதற்கு இரண்டரை மாதங்கள்கூட இருக்கவில்லை.

ஆரம்பத்தை முதலில் சொல்ல வேண்டும். 1976 மே 5 அன்று வேலுப்பிள்ளை பிரபாகரனின் தலைமையில் விடுதலைப் புலிகள் என்ற பெயருடன் உருவான இயக்கம், பல ஆண்டுகள் விரல்விட்டு எண்ணத்தக்க இளைஞர்களின் இரகசியக் குழுவாகவே இருந்தது. 1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் பதின்மூன்று சிப்பாய்கள் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து தெற்கில் தமிழர்மீது நிகழ்ந்த படுகொலைகளும், அந்தக் குழுவை நோக்கியும் அதைப் போன்ற பிற இயக்கங்களை நோக்கியும் ஆயிரக்கணக்கான இளைஞரைத் துரத்தின. பாரத அரசு அவர்களுக்குப் பயிற்சி தந்தது. சேலத்துக் கொளத்தூர்ப் பக்கத்திலும் பிறகு திண்டுக்கல் சிறுமலையிலும் முகாம்கள் அமைந்தன. மன்னாரில் அந்த நெருப்புக்கு எண்ணெய் வார்த்தது 1984 டிசம்பர் 4. கண்ணிவெடியில் ஒரு சிப்பாய் இறந்ததற்குப் பழியாக, இராணுவத்தினர் வீதியில் வந்தவர் போனவர் என்று பாராமல் நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்களை அன்று கொன்றார்கள். அடுத்த மாதம் வங்காலைப் பங்குத் தந்தை மேரி பஸ்தியான் கொல்லப்பட்டார். ஓர் ஊரில் ஒரு பாதிரியார் சுடப்பட்டால், அந்த ஊரின் இளைஞர்களிடம் இயக்கத்தைப் பற்றிப் பிரசாரம் செய்ய வேறு ஆள் தேவையில்லை.

மன்னார் நகரிலிருந்து தாம்போதியைத் திரும்பக் கடந்து, திருக்கேதீஸ்வரத்துக் கோபுரத்தை இடப்புறம் கண்டு வணங்கிவிட்டு, உயிலங்குளம் வழியாக அடம்பனுக்குச் சென்றேன். அடம்பன் என்பது ஒரு சந்தி, சில கடைகள், ஒரு மாதா கோயில், பிறகு வயல், அவ்வளவே. புலிகளின் மன்னார்த் தளபதியாயிருந்த விக்டர் 1986 அக்டோபர் 12 அன்று இங்கே நிகழ்ந்த போரில் இறந்தார். சிறுமலையில் பயிற்சி பெறத் தொடங்கியிருந்த பெண்கள் முதன்முதலாகக் களத்தில் நின்றதும் அந்த மாதத்தில் இந்தப் பிரதேசத்திலேதான். அதே சண்டையில் உயிரோடு பிடிபட்ட இரண்டு சிப்பாய்கள், சில வாரங்களுக்குப் பின், அரசிடம் சிறையிருந்த புலிகள் இருவருக்குப் பதிலாக யாழ்ப்பாணத்தில் கைமாற்றப்பட்டார்கள். ‘பயங்கரவாதிகள்’ என்று தான் அழைத்தவர்களோடு ஓர் அரசாங்கம் கைதிகளை மாற்றிக்கொள்வதென்றால், எதிரில் நிற்பது ஒரு சேனை என்று அது பாதியளவேனும் ஒப்புக்கொண்டதாகவே பொருள். அந்த அங்கீகாரம் இந்த வயல்களில் விளைந்தது.

வாய்க்கால் வரம்பில் மண்வெட்டியோடு நின்ற முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்று அறிந்ததும் முதலில் சற்றுத் தயங்கினார். பிறகு தாமே தொடர்ந்தார். “அப்ப வந்தவங்கள் எங்கட வீட்டுப் பொடியங்கள் ஐயா. சோறு குடுத்து, கிணத்தடியில குளிக்க விட்டு அனுப்பினம். ஆமி வாறான் எண்டா நாங்கள்தான் ஓடிப்போய்ச் சொல்லுறது. கடைசியில வந்தவங்கள் படலையில நிண்டு, வீட்டில எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டு, பேர் பதிஞ்சுகொண்டு போனவங்கள்.” இரண்டு காலங்களையும் அவர் ஒரே தொனியில் சொன்னார். நான் படித்த பருமனான நூல்களில் எதுவும் அச்சேனையின் முப்பத்துமூன்று ஆண்டுச் சரித்திரத்தை இத்தனை குறைவான சொற்களில் எனக்குச் சொன்னதில்லை.

நடுவே நிகழ்ந்ததை அந்த முதியவர் சொல்லவில்லை. அதைத்தான் நூல்கள் சொல்கின்றன. 1986-இல் சகோதர இயக்கமான டெலோவை நசுக்கியும், பிறகு ஏனையவற்றை ஒடுக்கியும், புலிகள் களத்தில் தனியராயினர். 1987 ஜூலை ஒப்பந்தத்தின்படி வந்த இந்திய அமைதிப்படையுடன் அக்டோபரில் மோதினார்கள். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த மாலதி என்ற பெண், அந்த மாதம் பத்தாம் தேதி கோப்பாயில் இறந்து, அவ்வியக்கத்தில் போரில் மாண்ட முதல் பெண் ஆனார். ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்தபின், 1990 மார்ச்சில் அப்படை திரும்பியது. காலி செய்த நிலம் புலிகளின் கைக்கு வந்தது. நிலம் வந்ததும், ஒளிந்து தாக்கி மறையும் பழக்கம் போய், படையணிகளாக அணிவகுத்து நிற்கும் ஆசை வந்தது. 1991-இல் சாள்ஸ் அன்ரனி சிறப்புப் படையணி அமைந்தது. தொடர்ந்து இம்ரான்-பாண்டியன் படையணி, கிழக்கில் ஜெயந்தன் படையணி, பெண்களுக்கு மாலதி படையணியும் சோதியா படையணியும், கவச வாகனங்களை எதிர்க்க விக்டரின் பெயரால் ஓர் அணி. ஏறக்குறைய ஒவ்வொன்றும் இறந்த ஒருவரின் பெயரைத் தாங்கியது. 1991-இலேயே ஆனையிறவு முகாமை நேர்நின்று தாக்கி 500-க்கும் மேற்பட்ட தம்மவரை இழந்து தோற்றார்கள். ஆயினும் பாடம் கற்றார்கள்: 1993-இல் பூநகரி, 1996 ஜூலையில் முல்லைத்தீவு. முல்லைத்தீவு முகாமில் 1,200 சிப்பாய்கள் அளவில் மாண்டதுடன், 122 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டு புலிகளுக்குக் கிடைத்தன. பீரங்கிப் படை அவ்வாறு, எதிரியின் களஞ்சியத்திலிருந்தே, உதயமாயிற்று. 2000 ஏப்ரலில் ஆனையிறவும் வீழ்ந்தது. சிறையில்லாமல், சம்பளமில்லாமல், வானொலியும் நீதிமன்றமும் வங்கியும் காவல்துறையும் உடைய ஓர் அரைகுறை இராச்சியத்தின் சேனையாக அது நின்றது என்று அதன் அபிமானிகள் எழுதுவதுண்டு. சிறை இருந்தது, ஒன்றல்ல, பல.

இன்னொரு விஷயத்திலும் அச்சேனை தனித்தன்மை உடையது. அது தன் மரணங்களை மிக நுணுக்கமாகக் கணக்கு வைத்தது. 1982 நவம்பர் 27-இல் இறந்த சங்கர் முதலாக, ஒவ்வொருவருக்கும் இயக்கப் பெயர், இயற்பெயர், ஊர், தேதி, பதவி என்று பதிவு. இறந்தபின்பே பெரும்பாலும் பதவி அறிவிக்கப்படும். 2008 நவம்பர் வரை அந்தக் கணக்கு 22,000-ஐத் தாண்டியிருந்தது. அடம்பனை அடுத்த ஆட்காட்டிவெளியிலும், மடுவுக்கு அப்பால் பண்டிவிரிச்சானிலும் அவர்களுக்குத் துயிலும் இல்லங்கள் இருந்தன. வென்ற இராணுவம் வடகிழக்கெங்கும் இத்தகைய கல்லறைகளை இயந்திரங்களால் தகர்த்தது. வென்றவன் பகைவனின் ஆயுதத்தைப் பறிப்பது யுத்த தர்மம். கல்லறையைப் பெயர்ப்பது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. இன்று நவம்பர் 27-இல் குடும்பங்கள் அங்கே கூடி விளக்கேற்றுகின்றன. நான் சென்ற வேளையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

தீவுக்குள் எருக்கலம்பிட்டிக்குச் செல்வதை நான் முதலில் பட்டியலில் சேர்க்கவில்லை. அழைத்துச் சென்ற ஆட்டோக்காரர், “அங்கயும் போய்ப் பாருங்க ஐயா, இல்லாட்டி முழுக் கதையும் விளங்காது” என்று வற்புறுத்தினார். அவர் கத்தோலிக்கர், எருக்கலம்பிட்டி முஸ்லிம்களின் பழம்பெரும் ஊர். 1990 அக்டோபர் இறுதியில் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும், ஏறக்குறைய 75,000 பேரை, சில நாட்களில், சில இடங்களில் சில மணி நேரத்தில், வெளியேறக் கட்டளையிட்டார்கள். எடுத்துச் செல்லக்கூடிய பணமும் பொருளும் அளந்து விடப்பட்டன. மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ் பேசும் ஜனங்களுக்காக நாடு கேட்ட ஒரு சேனை, தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாத ஜனங்களை ஆயுதமுனையில் கடலுக்கு அனுப்பியது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதை அரசியல் தவறு என்று ஒத்துக்கொண்டார். அரசியல் தவறு என்பது ஒரு தேர்தலில் பிழையான கட்சியோடு கூட்டுச் சேர்வது. இதற்கு வேறு பெயர் உண்டு. இப்போது ஊரில் புதிய வீடுகளும் பள்ளிவாசலும் நிற்கின்றன. திரும்பி வந்தவர்களும் உண்டு, புத்தளத்திலேயே மூன்றாம் தலைமுறையைக் காண்பவர்களும் உண்டு. கடற்கரையில் கடற்படையின் காவல் நிலையைக் காட்டினார் ஆட்டோக்காரர். 2008 ஜூனில் கடற்புலிகள் வள்ளங்களில் வந்து இவ்வூர்க் கடற்படை நிலையைத் தாக்கிவிட்டுப் போனார்கள்.

கடற்புலிகளைப் பற்றிச் சொல்லாமல் மன்னாரைச் சொல்ல முடியாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பதினெட்டுக் கடல்மைல்தான். நடுவே இராமர் அணையின் மணல் திட்டுகள். 1984-இல் ஆட்களையும் சரக்கையும் கடத்துவதற்காகத் தொடங்கிய கடற்பிரிவு, சூசையின் தலைமையில் சொந்தமாகப் படகு கட்டும் தளங்களும், தற்கொலைப் படகுகளும், தூரக்கடலில் ஆயுதக் கப்பல்களும் உடையதாயிற்று. இந்தியக் கரையிலிருந்து எரிபொருளும் மருந்தும் பாட்டரியும் வந்து இறங்கிய துறை, தீவுக்கு வடக்கே பெருநிலத்தில் உள்ள விடத்தல்தீவு. கண்டல் மரங்கள் சூழ்ந்த, சேறு மிகுந்த, ஆழம் குறைந்த அந்தக் கழிமுகத்தைப் பார்த்தால், பெரிய போர்க்கப்பல் எதுவும் நெருங்க முடியாதென்றும், உள்ளூர்ச் செம்படவனுக்கு மட்டுமே வழி தெரியுமென்றும் எவருக்கும் புரியும். அங்கே நண்டுக் கூடுகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவர்கள் சரக்குப் படகுகளைப் பற்றிப் பேசவில்லை. தமிழ்நாட்டு இழுவைமடி விசைப்படகுகள் இரவில் வந்து தங்கள் வலைகளை அறுத்துப்போவதைப் பற்றியே மூச்சு விடாமல் பேசினார்கள். நான் அந்தக் கரையிலிருந்து வந்தவன் என்பதால் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன்.

முடிவின் ஆரம்பமும் மன்னாரே. 2002 பிப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்தம் 2006-இல் பெயரளவாயிற்று. இதற்கிடையே 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து போனதால் கிழக்கின் அனுபவமிக்க போராளிகளைச் சேனை இழந்திருந்தது. 2007-இல் கிழக்கு மாகாணம் முழுதும் அரசின் வசமானது. அவ்வருஷம் செப்டம்பரில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன சிலாவத்துறையும் வீழ்ந்தது. அதற்குப்பின் மன்னார் முனையில் நடந்தது முன்பு நடந்த யுத்தங்களைப் போன்றதன்று. பெரும் பெயர் சூட்டி, பிரதான வீதியைப் பிடித்து நேரே ஓடிய ஜயசிக்குறு போன்ற படையெடுப்புகளை இராணுவம் கைவிட்டது. எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளை வயல்களுக்கூடாக அனுப்பி, நாளொன்றுக்குச் சில நூறு மீட்டர் என்று அரித்து முன்னேறியது. கெரில்லாக்களின் வித்தையை அரசு கற்றுக்கொண்ட அந்தக் காலத்தில், கெரில்லாக்கள் மண் அணைகளை எழுப்பி, அவற்றின் பின்னே வரிசையாக நின்று, அங்குலம் அங்குலமாக நிலத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள். விமானமும் பல்குழல் பீரங்கியும், இரண்டு லட்சத்தை நோக்கிப் பெருகிக்கொண்டிருந்த ஆட்பலமும் உள்ள எதிரியின்முன், மறைப்பற்ற நெல்வயலில், சில ஆயிரம் பேரை வைத்து அணைகாப்பது என்பது கணிதத்துக்கே விரோதமான காரியம்.

எரித்திரியாவின் விடுதலைச் சேனையும் நிலம் காத்தது. நக்ஃபா மலைகளில் பதுங்குகுழி வெட்டி, எத்தியோப்பியாவின் படையெடுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கி, 1991-இல் வென்றது. ஆனால் அதன் முன்னே மலை இருந்தது, பின்னே சூடானின் எல்லை திறந்திருந்தது. மன்னார்ச் சேனைக்கு முன்னே வயல், பின்னே கடல். அந்தக் கடலுக்கு அப்பாலிருந்த ஒரே நேச நிலத்தின் கதவை, 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்று, தாங்களே அடைத்துவிட்டிருந்தார்கள். நிலத்தின் இயல்பும் அரசியலின் விளைவும் இத்தனை துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது அபூர்வம்.

2008-இன் தேதிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ஏப்ரல் 24, மடு. மே 9, அடம்பன். ஜூலை 16, விடத்தல்தீவு. ஆகஸ்ட் 2, மாவட்டத்தின் வட எல்லையான வெள்ளாங்குளம். விக்டர் இறந்த அடம்பனுக்காக மாதக்கணக்கில் நடந்த சண்டை, புலிகள் இரவோடிரவாகப் பின்வாங்கியதில் முடிந்தது. மடுவைப் பற்றி மட்டும் சற்று நிற்க வேண்டும். 1670-இல் மாந்தையிலிருந்து துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடிய கத்தோலிக்கர் காட்டுக்குள் கொண்டுசென்று வைத்த மாதாவின் திருவுருவம் அது. சிங்களரும் தமிழரும் சேர்ந்து வழிபடும் ஸ்தலம். 1999 நவம்பர் 20 இரவு அங்கே அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மீது செல் விழுந்து நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டின. 2008 ஏப்ரல் ஆரம்பத்தில், சண்டை வளாகத்தை நெருங்கியபோது, குருமார் திருவுருவத்தை வாகனத்தில் ஏற்றி வடக்கே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் திருவிழாவுக்கு அது திரும்பி வந்துவிட்டது.

ஜனங்கள் அப்படித் திரும்பவில்லை. வெள்ளாங்குளத்துக்கு அப்பால் ஏ-32 வீதி முழங்காவில், நாச்சிக்குடா வழியாகப் பூநகரிக்குச் செல்கிறது. இன்று அழகான தார்ச் சாலை, இருபுறமும் பனை, ஆங்காங்கே மயில். 2008-இல் அடம்பனிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் இலுப்பைக்கடவையிலிருந்தும் புறப்பட்ட குடும்பங்கள், உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத் தகரத்தையும் அரிசி மூட்டையையும் கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு, சேனை பின்வாங்கப் பின்வாங்க அதனுடன் இந்த வழியே முதலில் வடக்கேயும் பிறகு கிழக்கேயும் நகர்ந்தன. நவம்பர் 15-இல் பூநகரியும், 2009 ஜனவரி 2-இல் கிளிநொச்சியும் வீழ்ந்தபின், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டில் அவர்கள் அடைபட்டார்கள். தப்பி ஓடியவர்களைப் புலிகள் சுட்டதையும், பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்தின்மேல் அரசு செல்லடித்ததையும் ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011-இல் எழுதி, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. வயல்காரர் சொன்ன படலையடிப் பெயர்ப்பதிவு அந்த மாதங்களில் வீட்டுக்கு ஒருவர் என்பதைக் கடந்துவிட்டது. சில வாரப் பயிற்சியோடு அணைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெயர்களைப் பழைய நேர்த்தியுடன் எழுதிவைக்க அச்சேனைக்கு அவகாசமும் இருக்கவில்லை.

மன்னார் நகரில் ஆயர் இல்லத்தைக் காட்டினார்கள். 1992 முதல் 2016 வரை ஆயராயிருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில் அரசு நியமித்த ஆணைக்குழுவின்முன் சென்று, அரசின் கச்சேரிகளே வைத்திருந்த ஏடுகளிலிருந்து ஒரு கழித்தல் கணக்கைச் சமர்ப்பித்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். யுத்தம் முடிந்து அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார். இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. விளக்கம் தாருங்கள் என்று மட்டுமே கேட்டார். 2012-இல் குற்றப் புலனாய்வுத் துறையினர் வந்து, அந்த எண்ணைப் பற்றி அவரையே விசாரித்தார்கள். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் காலமாகும் வரையில், ஆட்சிக்கு வந்த எந்த அரசும் அந்தக் கழித்தலுக்கு விடை எழுதித் தரவில்லை.